வாங்கிய பெட்டி யாருடையது? – ஒரு நீல நிற ரவுட்டரின் கதை

போன மாதம் எங்கள் வீட்டு வைஃபை ரவுட்டர் செத்துப்போனது. தானாகச் சாகவில்லை, நான்தான் கொன்றேன். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அது செத்துக் கிடந்த மூன்று நாளில், இந்தச் சின்னப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் இருபது வருட வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு வேறென்ன வேலை? படித்ததில் ஒரு விஷயம் என்னை உட்கார வைத்தது. நான் அலுவலகத்தில் பழைய பத்திரங்களில் பார்த்த அதே வழக்குதான், பெட்டியின் உருவத்தில் வந்திருக்கிறது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கும் நண்பர்களுக்குத் தெரியும். அந்த ஒரு காரணத்தால் அலுவலகத்தில் நொத்தேர் எழுதிய பழைய பத்திரம் எது வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். சொத்துரிமை என்பதை அந்தப் பத்திரங்கள் மூன்றாகப் பிரித்துப் பேசும். ஒன்று, பொருளைப் பயன்படுத்தும் உரிமை. இரண்டு, அதன் பலனை அனுபவிக்கும் உரிமை. மூன்று, அதை மாற்றவோ, விற்கவோ, இடிக்கவோ உள்ள உரிமை. முதல் இரண்டு மட்டும் இருந்தால் அதற்கு ‘யூஸூஃப்ருயி’ என்று பெயர். விதவைத் தாய் வீட்டில் குடியிருக்கலாம், வாடகை வாங்கலாம். ஆனால் சுவரை இடிக்க முடியாது, விற்க முடியாது. மூன்றும் ஒருவரிடம் இருந்தால்தான் முழு உரிமையாளர்.

கடையில் காசு கொடுத்து வாங்கிய ரவுட்டருக்கு நாம் முழு உரிமையாளரா, அனுபவ உரிமை மட்டும் உள்ளவரா? கேள்வி இதுதான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

ரவுட்டர் என்றால் மூலையில் விளக்கு மினுக்கும் பெட்டி என்று மட்டும் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு முழுக் கம்ப்யூட்டர். அதற்குச் செயலி உண்டு, வேலை செய்யும்போது பயன்படும் ரேம் உண்டு, மின்சாரம் போனாலும் அழியாத ஃப்ளாஷ் நினைவகம் உண்டு. அந்த ஃப்ளாஷில் தயாரிப்பாளர் எழுதி வைத்திருக்கும் மென்பொருளுக்குத்தான் ஃபர்ம்வேர் என்று பெயர். யாரை உள்ளே விடுவது, யாரைத் தடுப்பது, எந்தச் செய்தி எந்த வழியில் போவது என்பதெல்லாம் அதன் கையில். அலுவலகத்தில் தபால் பிரித்து அனுப்பும் எழுத்தர் மாதிரி. அவர் நல்லவராக இருந்தால் நமக்கு நிம்மதி. கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கினால் வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம்.

தயாரிப்பாளர் எழுதிய ஃபர்ம்வேரை நீக்கிவிட்டு, வேறு ஒருவர் எழுதியதை அதில் ஏற்றுவதைத்தான் மூன்றாம் தரப்பு ஃபர்ம்வேர் என்கிறார்கள். இது எப்படித் தொடங்கியது என்று பார்க்க, ஒரு பிரின்டரில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1980-ஐ ஒட்டிய வருடங்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் புதிய லேசர் பிரின்டர் ஒன்று வந்தது. அடிக்கடி காகிதம் சிக்கும். அங்கு வேலை செய்த ரிச்சர்ட் ஸ்டால்மன், சிக்கினால் ஆட்களுக்குத் தகவல் போகும்படி பழைய பிரின்டரில் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். புதியதிலும் செய்யலாம் என்று பார்த்தால், மூலநிரலைத் தர மறுத்துவிட்டார்கள். நம் ஆபீஸிலிருக்கும் மிஷினை நாமே சரி செய்ய முடியாதா என்ற அந்தக் கோபம் அவரை விடவில்லை. 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்தார், 1989-இல் ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தின் முதல் வடிவம் வந்தது. 1991-இல் அதன் இரண்டாம் பதிப்பு.

அந்த உரிமத்தின் சாரம் ஒரு பத்திர எழுத்தருக்குச் சட்டென்று புரியும். ‘இந்த நிரலை எடுத்துக்கொள், பயன்படுத்து, மாற்று, விற்கவும் செய். ஆனால் யாருக்குக் கொடுக்கிறாயோ அவருக்கு மூலநிரலையும் இதே உரிமைகளையும் சேர்த்துக் கொடு.’ நிலத்தோடு பாத்தியதையும் சேர்ந்து போவது போல, நிரலோடு நிபந்தனையும் கூடவே போகும். ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ், அடுத்த வருடமே இந்த உரிமத்தின் கீழ் வந்துவிட்டது.

நீலமும் கறுப்புமான பெட்டி

தைவானிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய விக்டர் சாவ், ஜேனி சாவ் தம்பதி 1988-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய கம்பெனி லிங்க்சிஸ். வீட்டு கார் கொட்டகையில் ஆரம்பித்த தொழில். 2002 டிசம்பரில் அவர்கள் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். நீலமும் கறுப்புமாக, பின்னால் இரண்டு கொம்பு போல ஆன்டெனா. பெயரிலுள்ள 54 என்பது நொடிக்கு 54 மெகாபிட் வேகத்தையும், ஜி என்பது அப்போது வரைவு நிலையிலிருந்த வைஃபை தரத்தையும் குறிக்கும். 125 மெகாஹெர்ட்ஸ் செயலி, 16 எம்.பி. ரேம், 4 எம்.பி. ஃப்ளாஷ். இன்று நம் கையிலிருக்கும் போனில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அந்த ஃப்ளாஷில் அடங்குமா என்பது சந்தேகம்.

2003 மார்ச்சில் சிஸ்கோ நிறுவனம் லிங்க்சிஸை ஏறத்தாழ 50 கோடி டாலர் மதிப்புக்கு வாங்குவதாக அறிவித்தது. ஜூன் மாதம் ஆன்ட்ரூ மிக்லாஸ் என்பவர் லினக்ஸ் நிரலாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த ரவுட்டரின் ஃபர்ம்வேரைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே லினக்ஸ் இருக்கிறது, ஜி.பி.எல். சொல்லும் மூலநிரல் எங்கே என்று.

சிஸ்கோவின் நிலையை நினைத்துப் பாருங்கள். வீடு வாங்கிப் பத்திரம் முடித்த கையோடு, ‘இந்தக் கொல்லையில் ஊருக்குப் பொதுவழி இருக்கிறது’ என்று ஒருவர் வந்து நிற்பது போல. சிப் பிராட்காம் செய்தது, பெட்டியைச் செய்து கொடுத்தது தைவான் தொழிற்சாலை, பெயர் லிங்க்சிஸ். இத்தனை கை மாறி வந்த பொருளில் எவர் எங்கே லினக்ஸைச் சேர்த்தார் என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் நிபந்தனை நிரலோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. பேச்சுவார்த்தைகளுக்குப் பின் அந்த வருடமே மூலநிரல் வெளியிடப்பட்டது.

இந்த வகை ரவுட்டர் உலகமெங்கும் பல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் சாவி இப்போது யாருக்கும் கிடைக்கும் என்றாகிவிட்டது.

காக்டெயில் பெயர்கள்

2004 ஜனவரியில் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. திட்டம் தொடங்கியது. லிங்க்சிஸ் வெளியிட்ட நிரலிலிருந்து ஆரம்பித்து, பிறகு தனியே தன் சொந்தக் கட்டமைப்பை எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு காக்டெயிலின் பெயர் வைத்தார்கள்: வைட் ரஷ்யன், காமிகாஸே, பேக்ஃபயர் என்று. உள்ளே நுழைந்ததும் அந்தப் பானத்தைக் கலக்கும் அளவு திரையில் வரும். புதுச்சேரிக்காரனாகிய நான் இதைப் பற்றி மேலும் எதுவும் சொல்லாமல் இருப்பது நல்லது.

அதே சமயத்தில் ஸ்வீஸாஃப்ட் என்ற பெயரில் ஒரு ஃபர்ம்வேர் பிரபலமாக இருந்தது. அவர்கள் சந்தா கேட்க ஆரம்பித்ததும் சண்டை வந்தது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து செபாஸ்டியன் காட்ஷால், அந்த நிரலை அடிப்படையாக வைத்து வேறொன்றைத் தொடங்கினார். அதுதான் டிடி-டபிள்யூ.ஆர்.டி. அந்த ‘டிடி’ என்ன தெரியுமா? டிரெஸ்டன் வண்டிகளின் நம்பர் பிளேட்டில் வரும் எழுத்து. நம் ஊர் வண்டிக்கு ‘பிஒய்’ என்பது போல. பிறகு ஜோனதன் ஜராட்டே என்பவரின் டொமேட்டோ வந்தது. யார் எவ்வளவு இணையத்தை இழுக்கிறார்கள் என்று அழகான வரைபடமாகக் காட்டும். சாதாரண ஆட்களுக்கும் புரியும்.

இவற்றை ஏற்றியதும் மலிவான வீட்டு ரவுட்டர், பெரிய கம்பெனிகள் விலை உயர்ந்த சாதனங்களில் மட்டும் தந்த வேலைகளைச் செய்தது. ஒரு ரவுட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பியில்லாமல் பாலம் போடலாம். பேச்சுக்கு முன்னுரிமை, சினிமா இறக்குவதற்குப் பின்னுரிமை என்று வரிசைப்படுத்தலாம். பெர்லினில் ஃப்ரைஃபுங்க் இயக்கத்தினர் இந்தப் பெட்டிகளைக் கூரைகளில் வைத்து, அக்கம்பக்கத்தார் தங்களுக்குள் தாங்களே நடத்தும் வலைப்பின்னலைக் கட்டினார்கள்.

நம் நாட்டில் அந்தச் சமயத்தில்தான் வைஃபைக்கு வழி திறந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் வாங்காமல் பயன்படுத்தலாம் என்ற அறிவிப்பு 2005 ஜனவரியில் வந்தது.

அதே பெயர், வேறு உள்ளுறுப்பு

2005-இன் கடைசியில் டபிள்யூ.ஆர்.டி.54ஜி-யின் ஐந்தாம் பதிப்பு வந்தது. வெளியே அதே நீலம், அதே கறுப்பு, அதே பெயர். உள்ளே ஃப்ளாஷ் 4 எம்.பி.யிலிருந்து 2 எம்.பி.யாகவும், ரேம் 16-லிருந்து 8 ஆகவும் பாதியாகிவிட்டது. லினக்ஸ் போய் வி.எக்ஸ்.வொர்க்ஸ் என்ற தனியுடைமை மென்பொருள் உட்கார்ந்திருந்தது. நினைவகச் செலவு மிச்சம். கடையில் பெயரை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். பிற்பாடு சில கெட்டிக்காரர்கள் அதிலும் ஒரு சின்னஞ்சிறு டிடி-டபிள்யூ.ஆர்.டி.யைத் திணித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

எதிர்ப்பு வலுத்ததோ, வியாபாரம் தெரிந்ததோ, லிங்க்சிஸ் பழைய நாலாம் பதிப்பையே டபிள்யூ.ஆர்.டி.54ஜி.எல். என்ற பெயரில் தனியாக விற்றது. கடைசி எழுத்து லினக்ஸைக் குறிப்பது. புதிய ரவுட்டர்கள் எத்தனையோ வந்த பிறகும் அது பல வருடங்கள் விற்றுக்கொண்டிருந்தது. திறக்க முடிந்த பெட்டி என்பதற்காகவே அதை வாங்க ஆட்கள் இருந்தார்கள்.

ரவுட்டர் வாங்குவதில் முதல் பாடம் இங்கேதான் கிடைக்கிறது. பெட்டியின் மேல் எழுதிய பெயர் போதாது. அடியில் ஒட்டிய சீட்டிலுள்ள வெர்ஷன் எண்தான் கணக்கு. சர்வே நம்பரை மட்டும் பார்த்து, உட்பிரிவு எண்ணைப் பார்க்காமல் நிலம் வாங்குகிறவர் என்ன ஆவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் இந்தப் பாடத்தை நானே மறந்தேன். அது பிறகு.

நான்கு ஊர்களின் நீதிமன்றங்கள்

நிபந்தனை காகிதத்தில் இருந்தால் போதுமா? நீதிமன்றம் ஏற்க வேண்டாமா? லினக்ஸின் பாதுகாப்பு வடிகட்டிப் பகுதியை எழுதியவர்களில் ஒருவரான ஹரால்ட் வெல்டே ஜெர்மானியர். 2004-இல் சைட்காம் என்ற ரவுட்டர் நிறுவனத்தின் மேல் மியூனிக் நீதிமன்றத்துக்குப் போனார். ஏப்ரலில் இடைக்காலத் தடை கிடைத்தது. மே மாதம் அதை நீதிமன்றம் உறுதி செய்தது. ஜி.பி.எல். செல்லும் என்று நீதிமன்றம் சொன்ன ஆரம்ப வழக்குகளில் இது முக்கியமானது.

2008 டிசம்பரில் நியூயார்க்கில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோ மேலேயே வழக்குப் போட்டது. லிங்க்சிஸ் பெயரில் விற்கும் பல பொருட்களுக்கு மூலநிரல் ஒழுங்காகத் தரப்படவில்லை என்பது புகார். 2009 மே மாதம் சமரசம். நிபந்தனைகள் நிறைவேறுகின்றனவா என்று பார்க்க ஒரு அதிகாரியை நியமிக்க சிஸ்கோ ஒப்புக்கொண்டது; அறக்கட்டளைக்கு நன்கொடையும் கொடுத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது பாரிஸ் வழக்கு. பிரான்சில் ஃப்ரீ என்ற இணைய நிறுவனம் 2002-இல் ஃப்ரீபாக்ஸ் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. மாதச் சந்தாவோடு வீட்டுக்கு வரும். பாரிஸ் புறநகரில் இருக்கும் என் மகள் வீட்டிலும் ஒரு காலத்தில் அதுதான் இருந்தது. அதற்குள்ளும் லினக்ஸ். 2008-இல் வெல்டேயும் எரிக் ஆண்டர்சன், ராப் லேண்ட்லி என்ற இரு நிரலாளர்களும் பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஃப்ரீயின் வாதம் என்ன? பெட்டியை நாங்கள் விற்கவில்லை, அது எங்கள் சொத்து, வாடிக்கையாளர் வீட்டில் வைத்திருக்கிறோம் அவ்வளவுதான். எனவே நாங்கள் நிரலை யாருக்கும் ‘கொடுக்கவில்லை’, மூலநிரல் தர வேண்டிய கடமையும் இல்லை.

இதைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் மேஜைக்கு வந்த பத்திரங்களின் வாசனை! வீட்டிலிருப்பவருக்கு அனுபவம் மட்டும், உரிமை எங்களுக்கு என்ற அதே வாதம். தீர்ப்பு வரை போகாமல் 2011-இல் சமரசமாகி, ஃப்ரீ அந்த நிரல்களை வெளியிட்டது. அந்த வாதம் சரியா தவறா என்று நீதிபதி எழுதாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அதே 2011 நவம்பரில் பெர்லின் நீதிமன்றத்தில் நேர்மாறான வழக்கு. ஃப்ரிட்ஸ்பாக்ஸ் என்ற ரவுட்டரைச் செய்யும் ஏ.வி.எம். நிறுவனம், குழந்தைகள் பார்க்கக்கூடாததைத் தடுக்கும் மென்பொருள் விற்ற சைபிட்ஸ் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டிருந்தது. எங்கள் பெட்டியின் ஃபர்ம்வேரில் நீங்கள் கைவைக்கக்கூடாது என்று. ஜி.பி.எல். கீழ் வந்த பகுதிகளையும் யாரும் மாற்றக்கூடாது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. இன்னும் ஒரு படி மேலே போய், 2016 ஆகஸ்ட் முதல் ஜெர்மனியில் சட்டமே வந்தது. எந்த ரவுட்டரை மாட்டுவது என்பது வாடிக்கையாளரின் விருப்பம். இணைய நிறுவனம் தன் பெட்டியைத்தான் மாட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது.

பூட்டு மீண்டும் வந்தது

அமெரிக்காவில் 2015-இல் வேறு திசையிலிருந்து ஆபத்து வந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் சில பகுதிகளை வானிலை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரவுட்டர்கள் அதில் குறுக்கிடக் கூடாது என்பது நியாயமான விதி. ஆனால் எஃப்.சி.சி. ஆணையம் தயாரிப்பாளர்களிடம் கேட்ட கேள்விப் பட்டியலில், டிடி-டபிள்யூ.ஆர்.டி. போன்றவற்றை ஏற்ற முடியாதபடி எப்படிப் பாதுகாத்திருக்கிறீர்கள் என்று பெயர் சொல்லியே கேட்டிருந்தது. ரேடியோவைப் பூட்டச் சொன்னால் கம்பெனிகள் சுலப வழியாகப் பெட்டியையே பூட்டிவிடும் என்ற பயம் எழுந்தது. இணையத்தின் தந்தையரில் ஒருவரான வின்ட் செர்ஃப், டேவ் டாட் இருவரும் முன்னின்று, 250-க்கும் மேற்பட்ட நிபுணர்கள் கையெழுத்திட்டு ஆணையத்துக்கு எழுதினார்கள். நவம்பரில் ஆணையம் விளக்கம் தந்தது: ரேடியோ எல்லை மீறக்கூடாது என்பதே நோக்கம், மாற்று ஃபர்ம்வேரைத் தடை செய்வதல்ல.

2016 ஆகஸ்டில் ஒரு வேடிக்கை நடந்தது. அனுமதிக்கு மேற்பட்ட சக்தியில் ஓடக்கூடிய ரவுட்டர்களை விற்றதற்காக டிபி-லிங்க் நிறுவனத்துக்கு அதே ஆணையம் 2,00,000 டாலர் அபராதம் விதித்தது. சமரசத்தில், மூன்றாம் தரப்பு ஃபர்ம்வேரை ஏற்ற வழிசெய்ய அந்நிறுவனம் ஒத்துழைக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள்.

ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. குடும்பத்திலும் அந்த வருடம் சண்டை. பாதிப்பேர் பிரிந்து லீடு என்ற பெயரில் தனிக்குடித்தனம் போனார்கள். 2018 ஜனவரியில் மறுபடி ஒன்று சேர்ந்தார்கள். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

2024 நவம்பரில், இத்தனை காலம் பிறர் பெட்டியில் குடியிருந்தவர்கள் சொந்த வீடு கட்டினார்கள். ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. ஒன் என்ற ரவுட்டர். பனானா பை நிறுவனம் செய்து கொடுத்தது, விலை 89 டாலர், 1 ஜி.பி. ரேம். என்னைக் கவர்ந்தது வேறு. அதில் ஃப்ளாஷ் இரண்டு. ஒன்றை நாம் கெடுத்துவிட்டாலும், பூட்டி வைத்த இன்னொன்றிலிருந்து உயிர் கொடுக்கலாம். என்னைப் போன்றவர்களை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு

இத்தனை வரலாறும் படித்த பிறகு எனக்காக நான் எழுதி வைத்துக்கொண்ட குறிப்பை அப்படியே தருகிறேன்.

முதலில், கடைக்குப் போகும் முன் பட்டியலைப் பாருங்கள். எந்த மாடல், எந்த வெர்ஷன் தங்களுக்கு ஒத்துவரும் என்று ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. திட்டத்தினர் நீண்ட அட்டவணை வைத்திருக்கிறார்கள். வாங்கிவிட்டுத் தேடினால் பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் வரும்.

இரண்டாவது, வெர்ஷன் எண். ஒரே மாடலில் நான்கைந்து வெர்ஷன் வரும். சிப்பே மாறியிருக்கும். கடைக்காரத் தம்பியிடம் பெட்டியைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அவர் முறைத்தால் முறைக்கட்டும்.

மூன்றாவது, நினைவகம். 4 எம்.பி. ஃப்ளாஷும் 32 எம்.பி. ரேமும் உள்ளவை இன்றைய பதிப்புகளுக்கு உதவாது. 8-ம் 64-ம் இழுத்துப் பிடித்து ஓடும். குறைந்தது 16 எம்.பி. ஃப்ளாஷ், 128 எம்.பி. ரேம் இருந்தால் நிம்மதி.

நான்காவது, ரேடியோ சிப். மீடியாடெக், குவால்காம் ஏதெராஸ் சிப்களில் பலவற்றுக்குத் திறந்த டிரைவர்கள் உண்டு. பிராட்காம் வைஃபை சிப் உள்ளவற்றை ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.க்காக வாங்க வேண்டாம். எந்தச் சிப்பில் இந்தக் கதையெல்லாம் தொடங்கியதோ, அதே கம்பெனிச் சிப்தான் இன்று ஒத்துழைக்காதது. பிராட்காம் பெட்டி ஏற்கனவே வீட்டிலிருந்தால் டிடி-டபிள்யூ.ஆர்.டி. அல்லது டொமேட்டோ வழியில் வந்தவற்றைப் பாருங்கள்.

ஐந்தாவது, மீட்கும் வழி. தவறு நேர்ந்தால் அந்த மாடலை எப்படி உயிர்ப்பிப்பது என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? இல்லையென்றால் அதை வாங்காதீர்கள்.

ஆறாவது, இணைய நிறுவனம் மாட்டிவிட்டுப் போன ஃபைபர் பெட்டியைத் தொடாதீர்கள். பெரும்பாலும் அது அவர்கள் சொத்து. நமக்கு யூஸூஃப்ருயி மட்டும்தான்! அதற்குப் பின்னால் நம் சொந்த ரவுட்டரை ஒரு கம்பியில் இணைத்து, அதில் நம் விருப்பப்படி செய்யலாம்.

கடைசியாக, அமைப்பில் நாடு என்ற இடத்தில் இந்தியா என்றே வையுங்கள். நம் உரிமை அலைவரிசையின் எல்லை வரைதான். வேலிக்கு அப்பால் அடுத்தவர் நிலம்.

மூன்று நாள்

இனி என் கதை. ஆறு வருடம் முன்பு வாங்கிய ரவுட்டர். எந்தக் கம்பெனி என்று சொல்ல வேண்டாம். நன்றாகத்தான் ஓடியது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்று இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று பேரன்தான் கவனித்துச் சொன்னான். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். அந்த மாடலுக்கு ஆதரவு முடிந்தது, புதியது வாங்கவும் என்று ஒரு வரிப் பதில். விளக்கு எரிகிறது, வைஃபை வருகிறது, ஆனால் பொருள் காலாவதி. எனக்கும் ஓய்வு வயது வந்தபோது இப்படித்தான் ஒரு வரிக் கடிதம் வந்தது. அதனாலோ என்னவோ, பெட்டியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

அட்டவணையில் மாடல் இருந்தது. கோப்பை இறக்கினேன். ஏற்றினேன். ஒரு விளக்கு மட்டும் எரிந்து, பிறகு ஒன்றுமில்லை. இவ்வகை மரணத்துக்கு ‘செங்கல் ஆகிவிட்டது’ என்று பெயராம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடியில் பார்த்தால் சீட்டில் வெர்ஷன் 3. நான் ஏற்றியது வெர்ஷன் 2-க்கு உரியது. முப்பது வருடம் உட்பிரிவு எண் சரிபார்த்துச் சம்பளம் வாங்கியவன்!

அன்று சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. ஞாயிறு மாலை மகள் பாரிஸிலிருந்து வீடியோவில் வருவாள்; என் மனைவி டேப்லெட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, புடவை மாற்றிக்கொண்டு உட்காருவாள். அந்த ஞாயிறு என் போனின் சின்னத் திரையில், மொபைல் டேட்டாவில், விட்டு விட்டு வந்தது முகம். மனைவி திட்டவில்லை. “நல்லா இருந்ததை ஏன் நோண்டினீங்க?” என்று மட்டும் கேட்டாள். அதற்கு வரலாற்று ரீதியான பதில் என்னிடம் இருந்தது. சொல்லும் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை பேரன் பாரிஸிலிருந்து போனில் வழிகாட்டினான். “தாத்தா, அவசரப்படாதீங்க. அது செத்துப் போகல, மயக்கம்தான்.” மின்சாரம் கொடுத்த முதல் சில நொடிகள், உள்ளே எதையும் ஓட்டும் முன், பெட்டி வெளியிலிருந்து புதிய ஃபர்ம்வேர் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்குமாம். அந்த நீலப் பெட்டிக் காலத்திலிருந்தே இருக்கும் வழிதான் இது. கம்ப்யூட்டருக்கு அவன் சொன்ன எண்ணில் முகவரி கொடுத்து, அவன் சொன்ன பெயரில் சரியான கோப்பை வைத்து, ரீசெட் பொத்தானை ஊக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டே சுவிட்சைப் போட வேண்டும். என் விரல் நடுக்கத்தில் பத்துப் பதினைந்து தடவை தவறியது. கடைசியில் மனைவி சுவிட்சைப் போட, நான் ஊக்கைப் பிடித்தேன். நான்கு விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன.

இப்போது அதில் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. ஓடுகிறது. அதன் நினைவகம் 8-ம் 64-ம்தான்; இன்னும் எத்தனை நாள் என்று பார்க்க வேண்டும். அடுத்ததை மேலே எழுதிய குறிப்பைப் பார்த்து வாங்குவேன். பழையதற்கு அடியில் வெள்ளைத் தாள் ஒன்றில் ‘வெர்ஷன் 3’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டேன்.

போன ஞாயிறு மகள் முகம் டேப்லெட்டில் தெளிவாக வந்தது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்து, “இனிமே அது மேல கை வைக்காதீங்க” என்றாள். சட்டப்படி மூன்று உரிமையும் எனக்கு இருக்கிறது. வீட்டுச் சட்டப்படி, மூன்றாவதை எழுதிக் கொடுத்துவிட்டேன்.